கரடு வெடிக்காத சனிக்கிழமை

புதிதாகப் புவியியல் பாடம் எடுக்க வந்திருக்கும் உங்களிடம் ஒரு விஷயத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எரிமலை, நிலநடுக்கம், சூறாவளி என்று உலகத்து ஆபத்துகள் அத்தனையையும் முப்பது வருஷம் கரும்பலகையில் கோலால் தட்டித் தட்டிக் காட்டியவன் நான். அவற்றில் எதன் நிழலைக் கண்டாலும் முதலில் ஓடுகிறவனும் நான்தான். ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தலைமயிர் இன்னும் கறுப்பு, முழங்கால் இன்னும் வேலை செய்கிறது. ஓடிப் பழகிய முழங்கால் சீக்கிரம் கெடாது போலிருக்கிறது.

பாடம் நடத்துவது எப்படி என்று உங்களுக்குப் பயிற்சிக் கல்லூரியில் சொல்லியிருப்பார்கள். நான் சொல்லப்போவது, ஒரு சனிக்கிழமை காலையில் நான் மூன்று தப்பு செய்து, ஒரு குடும்பத்தின் பிழைப்பையே அறுத்துப் போட இருந்த கதை.

ஐம்பதுகளின் பிற்பகுதி. எனக்கு முதல் வேலை ஜலகண்டாபுரம் உயர்நிலைப் பள்ளியில். நான் சேலம் டவுன்காரன், கோயில் மணிச் சத்தத்துக்குள் வளர்ந்த கத்தோலிக்கப் பையன். என் அம்மா அந்தோனியார் பதக்கம் ஒன்றைக் கழுத்தில் போட்டு, ஒரு டிரங்குப் பெட்டியையும் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார். நெசவுத் தெருவில் ஒரு வீட்டின் முன்னறையில் குடியிருந்தேன். விடிந்தால் தறிச் சத்தம், பொழுது அடைந்தால் தறிச் சத்தம். முதல் மாதம் தூக்கம் வரவில்லை. இரண்டாம் மாதத்திலிருந்து தறி நின்றால் விழித்துக்கொண்டேன்.

எதிர்வீடு பழனியம்மாவின் வீடு. மூன்றாம் பாரத்தில், அதாவது எட்டாம் வகுப்பில், என் மாணவி. அப்பா குழித்தறியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். அம்மாதான் தெருவுக்கே பாவு கஞ்சி காய்ச்சுகிறவர். நெய்வதற்கு முன் பாவு நூலை, துணியில் நீளவாக்கில் ஓடும் இழைகளை, தெரு நீளத்துக்கு விரித்துக் கட்டிக் கஞ்சி தடவுவார்கள். அந்தக் கஞ்சி பதம் தவறினால் நூல் தறியில் முறுக்கிக்கொண்டு அறும். அந்த அம்மா காய்ச்சிய கஞ்சியில் நூல் அறுந்தது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எல்லாரும் அவரைக் கஞ்சிக்கார அக்கா என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். பெயர் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதுவும் ஒரு தப்புதான், கணக்கில் சேர்க்கவில்லை.

அந்த மாதம் அவர்கள் வீட்டில் ஒரு பரபரப்பு. நூல் கொடுக்கும் வியாபாரி முதல் தடவையாக நயம் நூலில் சேலைப் பாவு கொடுத்திருந்தார். அதுவரை துண்டும் வேட்டியுமாக முரட்டு நூல்தான். இந்தப் பாவை நல்லபடியாக நெய்து இறக்கிவிட்டால் தொடர்ந்து நயம் நூல் வரும், பழனியம்மா பள்ளிக்கூடம் போகலாம். கெட்டுப்போனால் வியாபாரி வேறு வீட்டைப் பார்த்துக்கொள்வார், பழனியம்மா படிப்பை நிறுத்திவிட்டுக் கூலிக்குத் தார்க்கட்டையில் நூல் சுற்ற உட்காருவாள். இதை அந்த அம்மாவே என்னிடம் தெருவில் நின்று சொல்லியிருந்தார், மழை வருமா வராதா என்று பேசுகிற அதே குரலில்.

இனி என் முதல் தப்பு.

வியாழக்கிழமை எரிமலைப் பாடம். புத்தகத்தில் இரண்டு வகை போட்டிருந்தது. சில எரிமலைகளில் குழம்பு அமைதியாக வழிந்து ஓடும், சில பயங்கரமாக வெடிக்கும். நானும் அதையே நாலு தடவை ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். வெடிப்பதற்குக் கையைத் தட்டினேன், மேசையைக் குத்தினேன். பழனியம்மா எழுந்து நின்றாள்.

“ஏனுங்க சார், உள்ள இருக்கறது ரெண்டுலயும் உருகுன கல்லுத்தானுங்களே? அப்பறம் ஏன் ஒண்ணு வழியுது, ஒண்ணு வெடிக்குது?”

எனக்குத் தெரியாது. படித்தபோது யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சில மலைக்குப் பொறுமை ஜாஸ்தி, சில மலைக்குக் கோபம் ஜாஸ்தி என்று சொன்னேன். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, உட்காரவும் இல்லை. அவளை உட்கார வைக்க ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, ஊருக்கு மேற்கே மொட்டைப் பாறைக் குன்றாக நிற்கும் கரட்டைக் காட்டினேன். அதோ அந்தக் கரடுகூட ஒரு காலத்தில் நெருப்புக் குழம்பாகக் கிடந்ததுதான், எப்போது புரண்டு படுக்கும் என்று யார் கண்டது, என்றேன்.

முன்பாதி ஏறக்குறைய உண்மை. பின்பாதி என் சரக்கு. நாற்பது பிள்ளைகளும் பின்பாதியை மட்டும் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். தெரியாத கேள்விக்கு வேடிக்கையாகப் பதில் சொல்லாதீர்கள். தெரியாது என்று சொன்னால் விஷயம் வகுப்போடு நிற்கும். வேடிக்கை கால் முளைத்து ஊருக்குள் நடக்கும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி நல்ல மழை. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு முகத்தில் சோப்பு நுரையோடு கண்ணாடி முன் நிற்கிறேன். மேற்கே ‘தொம்’ என்று ஒரு சத்தம். சவரக் கத்தியை அப்படியே வைத்தேன். வெளியே வந்து பார்த்தால் கரட்டின் தலைக்கு மேலே வெள்ளை வெளேரென்று புகை. சற்று நேரத்தில் மறுபடி ஒரு ‘தொம்’.

தெருவே வெளியே நின்றது. தறிகள் நின்றுவிட்டன. அத்தனை நாளும் தறிச் சத்தத்தில் இருந்துவிட்டு அந்த அமைதியைக் கேட்டபோதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. யாரோ, சார்தான் அன்னைக்கே சொன்னாரே, என்றார்கள். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அந்த நொடியில் ஒரு புவியியல் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்? ஏதாவது செய்திருக்க வேண்டும். நான் உள்ளே போய்ப் பெட்டி கட்டினேன்.

அது இரண்டாம் தப்பு. என்ன எடுத்து வைத்தேன் என்று பின்னால் பார்த்தபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. ஒரு பூகோளப் படப் புத்தகம், முகம் பார்க்கும் கண்ணாடி, ஒற்றைச் செருப்பு, பாதி தின்ற முறுக்குப் பொட்டலம். சட்டை ஒன்றுகூட இல்லை. பதக்கத்தைப் பிடித்துக்கொண்டு, காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தரும் அந்தோனியாரை வேண்டினேன். எரிமலைக்கு வேறு புனிதர் இருப்பார், ஆனால் அன்று என்னிடம் காணாமல் போயிருந்தது தைரியம். அந்த வகையில் சரியான ஆளிடம்தான் போயிருக்கிறேன்.

பின்சந்து வழியாக பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினேன். சேலம் பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. பெட்டி மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். நிமிர்ந்தபோது கஞ்சிக்கார அக்கா எதிரில் நின்றார். என்னைத் தேடித்தான் வந்திருக்கிறார். பெட்டியைப் பார்த்தார். பாதி சோப்போடு இருந்த என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் பார்க்காதவர் மாதிரி கேட்டார்.

“சார், பாவை அறுத்தர்லாமுங்களா?”

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். தறியில் ஏற்றிய பாவை, இழைகளைக் கோத்திருக்கும் அச்சோடும் விழுதோடும் சேதமில்லாமல் கழற்றிச் சுருட்ட அரை நாள் பிடிக்கும். ஓடுகிற அவசரத்தில் ஒரே வழி, அரிவாளால் அறுத்து, கையில் வந்ததைச் சுருட்டிக்கொள்வதுதான். தெருவில் எல்லாரும் அரிவாளைக் கையில் எடுத்துவிட்டார்கள். தன் வீட்டுக்காரரை, பழனியம்மாவின் அப்பாவை, இவர்தான், சாரைக் கேட்டுட்டு வாரேன், அதுவரைக்கும் தொடாதீங்க, என்று நிறுத்திவிட்டு வந்திருக்கிறார். அறுத்துவிட்டால் அந்த நயம் நூல் பாவு அவ்வளவுதான்.

“வெடிக்குமுன்னா அறுத்துட்டுப் போறோமுங்க. உசுரு இருந்தா வேற நூலு. வெடிக்காதுன்னா சொல்லுங்க, நான் போயி கஞ்சியப் பாக்கறேன்.”

தம்பி, தங்கைகளே, நீங்கள் பரீட்சை எழுதியிருப்பீர்கள். ஆம், இல்லை என்று இரண்டே விடை உள்ள கேள்வி சுலபம் என்று நினைத்திருப்பீர்கள். ஆம் என்று நான் சொல்லி அது வெடிக்காவிட்டால் ஒரு தெருவின் பிழைப்பு போகும். இல்லை என்று சொல்லி வெடித்தால் தெருவே போகும். எனக்கோ எதுவும் தெரியாது. பெட்டி மேல் உட்கார்ந்திருந்ததால் தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. வெட்கத்தில்தான் சொன்னேன், வீரத்தில் இல்லை: நான் மேலே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், அதுவரை யாரும் அறுக்க வேண்டாம்.

அவர் பெட்டியை இன்னொரு தடவை பார்த்தார். “நானும் வாரேனுங்க. நீங்க தனியாப் போனா வழி மாறிப் பஸ்ஸுல ஏறிருவீங்க.”

பெட்டியை டீக்கடைக்காரரிடம் ஒப்படைத்தோம். தெரு முனையில் அக்கா குரல் கொடுத்தார், நாங்க வார வரைக்கும் யாரும் கைய வெக்காதீங்க என்று. அவர் வீட்டுக்காரர் அரிவாளைத் தோளில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

கரட்டில் ஏறுகிறோம். வெறும் பாறை. மழையில் நனைந்து கறுத்துக் கிடந்தது. நான் பத்தடிக்கு ஒரு தடவை நின்று தரையைத் தொட்டுப் பார்த்தேன், சுடுகிறதா என்று. எனக்குத் தொட்டதெல்லாம் சுட்டது. பயத்தை மறக்கத்தானோ என்னவோ, அக்கா பேச்சுக் கொடுத்தார். வெடித்தால் உள்ளே இருந்து என்னதான் வரும் என்று கேட்டார். புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். உருகிய கல் குழம்பாக வரும். ஒரு வகை தண்ணீர் மாதிரி இளக்கமாக இருக்கும், ஒரு வகை கெட்டியாகப் பிசுபிசுத்து இருக்கும்.

“அதத்தான பழனியம்மா கேட்டா? நீங்க கோவம் பொறுமைன்னு என்னமோ சொன்னீங்களாமா.”

நான் குனிந்து இன்னொரு தடவை தரையைத் தொட்டுப் பார்த்தேன்.

“கஞ்சி இளக்கமா இருந்தா கொதி வந்ததும் ஆவி சுளுவா வெளிய போயிருமுங்க. பொங்கி வழியும், அடுப்பை அணைக்கும், அவ்வளவுதான். கெட்டிப்பட்டுப் போச்சுன்னா ஆவிக்கு வழியில்ல. உள்ளயே அடைச்சுக் கெடந்து, ஒரு நேரத்துல டப்புன்னு தெறிக்கும்.” முன்கையைத் திருப்பிக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் சின்னச் சின்ன வட்டத் தழும்புகள். “இதெல்லாம் கெட்டிக் கஞ்சி. இளக்கக் கஞ்சி என்னையச் சுட்டதே இல்லீங்க.”

நான் நடுப்பாறையில் நின்றுவிட்டேன். பட்டப்படிப்பு, பயிற்சிப் படிப்பு, இரண்டு சான்றிதழ் வாங்கியவன் நான். என் மாணவி கேட்ட கேள்விக்கு விடை எதிர்வீட்டு அம்மாவின் கையில் தழும்பு தழும்பாக இருந்திருக்கிறது. குழம்பு எவ்வளவு கெட்டியோ அவ்வளவு ஆவி அடைபடும். அடைபட்டால் வெடிக்கும், அடைபடாவிட்டால் வழியும். மற்றது எல்லாம் அதிலிருந்து தானாக வந்தது. இளகிய குழம்பு வழிந்தால் தூரம் போகும், தோசை ஊற்றின மாதிரி அடுக்கடுக்காகப் பரவும், அதனால்தான் தக்காணத்தின் மேற்கில் எரிமலைக் கரும்பாறை படிப்படியாகக் கிடக்கிறது. கெட்டிக் குழம்பு போகாது, வாயிலேயே குவியும், செங்குத்தாக நிற்கும், வெடித்தால் சாம்பலும் நுரைக்கல்லுமாக இறைக்கும்.

அக்கா அதைவிட முக்கியமான கேள்வியைக் கேட்டார்.

“அப்ப இந்தக் கரடு எந்தக் கஞ்சிங்க சார்?”

அன்று காலையில் முதல் தடவையாக நான் புகையைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காலடியைப் பார்த்தேன். அடுக்கு அடுக்காகப் பரவிய பாறை எங்கும் இல்லை. சாம்பல் படிவு இல்லை. தண்ணீரில் மிதக்கிற மாதிரி ஓட்டை ஓட்டையான நுரைக்கல் ஒன்றுகூட இல்லை. பெயர்ந்து கிடந்த ஒரு சில்லை எடுத்துப் பாறையில் அடித்து உடைத்தேன். உள்ளே வெள்ளையும் கறுப்பும் பழுப்புமாகப் பருமன் பருமனான மணிகள், வெயிலில் மினுங்கின. மணி பெரிதாக விளைய வேண்டுமானால் குழம்பு மெதுவாக ஆற வேண்டும். சர்க்கரைப் பாகை அவசரப்படாமல் ஆறவிட்டால்தான் கற்கண்டு கட்டியாக விளைகிற மாதிரி. வெளியே வழிந்த குழம்பு காற்றுப்பட்டு வேகமாக ஆறிவிடும், கண்ணுக்குத் தெரிகிற மணி விளைய அதற்கு நேரம் இருக்காது. இது வெளியே வந்ததே இல்லை. எங்கோ ஆழத்தில், மேலே மைல் கணக்கில் கல் மூடியிருக்க, யுகக்கணக்கில் ஆறிய சரக்கு. மூடியிருந்ததெல்லாம் பின்னால் தேய்ந்து போய் இது தலை நீட்டியிருக்கிறது. அதற்கு நடுவில் சூட்டிலும் அழுத்தத்திலும் இன்னும் என்னென்னவோ ஆகியிருக்கிறது என்று பிற்பாடு படித்தேன். அன்றைக்கு இது போதுமாக இருந்தது.

என்னால் முடிந்த அளவு சொன்னேன். அக்கா சில்லை வாங்கிப் பார்த்தார்.

“அப்ப இது மூடியத் தெறக்காம, பானைக்குள்ளயே ஆறிப்போன கஞ்சி. அடுப்பு அணைஞ்சு போயி எவ்வளவோ காலமாச்சு. இது எப்படிங்க பொங்கும்?”

பொங்காது, என்றேன். பொங்காது என்று நான் சொல்லி முடிக்கவும், ‘தொம்’. இந்த முறை ரொம்பப் பக்கத்தில். உச்சியிலிருந்து வெள்ளைப் புகை எங்கள் மேலேயே இறங்கியது.

இதுதான் மூன்றாம் தப்பு. என் கையில் கல் இருந்தது. கல் சொன்னதை நானே என் வாயால் சொல்லி ஒரு நொடிகூட ஆகவில்லை. ஆனாலும் என் கால் என்னைக் கேட்காமல் கீழ்நோக்கி ஓடியது. வேட்டியை மடித்துக் கட்டக்கூட இல்லை, அது பின்னால் கொடி மாதிரி பறந்தது. இருபது முப்பது அடி ஓடியிருப்பேன். மேலேயிருந்து அக்காவின் குரல், சத்தம் போடாமல், தெருவில் விலாசம் கேட்கிற மாதிரி வந்தது.

“கல்லு பொய் சொல்லுதுங்களா, சார்?”

நின்றேன். அவர் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். கையில் அந்தச் சில்லு. திரும்பி ஏறினேன். உறுதியாக இருந்தேனா என்று கேட்காதீர்கள். இல்லை. கண்ணும் காதும் ஒன்று சொல்கின்றன, கையில் உள்ள கல் வேறொன்று சொல்கிறது. எதை நம்புவது என்று முடிவு செய்தது தைரியம் இல்லை. என்னைவிட அதிகமாக இழக்க இருப்பவர் அங்கே நின்றுகொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

உச்சியைத் தாண்டி மறுபக்கம் எட்டிப் பார்த்தோம். ஏழெட்டுப் பேர். பாலம் கட்டக் கல் எடுக்க இரண்டு நாள் முன்பு வந்து கரட்டின் பின்புறம் குடிசை போட்டிருக்கிறார்கள். பாறை மேல் விறகை அடுக்கித் தீ மூட்டி, தீயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போனால், சூட்டில் மேல்பாறை ஏடு ஏடாகக் கிளம்பும். அது விடுபடும்போது எழுவதுதான் அந்தத் ‘தொம்’. ராத்திரி மழையில் விறகு நனைந்து போனதால் புகை வெள்ளையாகக் கிளம்பியிருக்கிறது. எங்களைப் பார்த்ததும் ஒருவர் எழுந்து, சூடு, பாத்து வாங்க, என்றார். என் முகத்தில் ஒரு பக்கம் காய்ந்து ஒட்டியிருந்த சோப்பைப் பார்த்துவிட்டு மேலே ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன், என்னுடையதில் பாதி அழுகை. இறங்கும்போது ஊருக்குள் போய் எப்படிச் சொல்வது என்று பெருமையாக வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே வந்தேன்.

பாதி வழியில் அவர் வீட்டுக்காரர் எதிரே மூச்சிரைக்க ஏறி வந்தார். கையில் அரிவாள்.

அக்கா நின்றார். “பாவு?”

அவர் அரிவாளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“சார் ஓடியாரது கீழ இருந்து தெரிஞ்சுது. வெள்ளை வேட்டி. உன்னையக் காணோம். அறுத்துப் புள்ள கையில குடுத்துட்டு, உன்னையக் கூட்டிக்கிட்டுப் போலாமுன்னு வந்தேன்.”

கறுத்த பாறையில் அக்காவின் கருநீலச் சேலை கீழிருந்து தெரிந்திருக்காது. நான் ஓடியதை ஊரே பார்த்தது. திரும்பி ஏறியதை ஒருவரும் பார்க்கவில்லை. அதற்குள் எல்லாரும் வீட்டுக்குள் ஓடிவிட்டார்கள். நல்லவேளை, மற்ற வீடுகளில் குழந்தைகளையும் பாத்திரங்களையும்தான் முதலில் திரட்டியிருக்கிறார்கள், தறிக்கு வரவில்லை. அரிவாள் பட்டது ஒரே ஒரு பாவில்.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்கா வீட்டுக்காரர் கையிலிருந்த அரிவாளை வாங்கிக்கொண்டு இறங்கினார். பிறகு சொன்னார். “கரடு வெடிக்கலீங்க. நம்மூட்டுலதான் வெடிச்சுப் போச்சு.”

வீட்டுக்குள் பழனியம்மா தறிக்குழிப் பக்கத்தில் நூலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுருட்டவில்லை. அப்படியே ஒரு இழையும் கலையாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பா கொடுத்துவிட்டுப் போனதிலிருந்து அப்படித்தான் இருந்தாளாம். எவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு, தெரியலீங்க, அசைஞ்சாச் சிக்காயிரும், என்றாள். உலகம் அழியப்போகிறது என்று எல்லாரும் ஓடுகிறபோது சிக்காகக் கூடாது என்று நினைக்க ஒரு நெசவாளி மகளால்தான் முடியும்.

அவள் அப்படிப் பிடித்திருந்ததுதான் வழி விட்டது. அப்பா விழுதுக்குப் பின்னால் அறுத்திருந்தார். அச்சிலும் விழுதிலும் இருந்த நூல் அப்படியே இருந்தது. பின்னால் அறுந்த நுனிகளோடு இழைக்கு இழை பிணைத்தால் பாவு பிழைக்கும். புதுப் பாவு ஏற்றும்போது செய்கிற வேலைதான், ஆனால் இது நயம் நூல், இழைகள் ஆயிரக்கணக்கில். வியாபாரி செவ்வாய்க்கிழமை பார்க்க வருவார். நானும் உட்காருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்ல மூன்று பேருக்கும் ஆசை, மரியாதைக்காகச் சொல்லவில்லை.

விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு இரண்டு நுனியையும் சேர்த்து ஒரு முறுக்கு முறுக்கினால் இழை ஒட்டிக்கொள்ள வேண்டும். அக்கா நான் ஒன்று முடிப்பதற்குள் இருபது முடித்தார். என் எரிமலை நாளில் என் கையில் பட்ட ஒரே சாம்பல் அதுதான். எனக்கு முறுக்கு வரவில்லை, முடிச்சுதான் வந்தது. பழனியம்மா என் முடிச்சைப் பார்த்துவிட்டு, சார், இது மாட்டைக் கட்டறதுக்கு, என்றாள். கடைசியில் ஓரத்தில் ஒரு சாண் அகலம் மட்டும் எனக்கு ஒதுக்கிவிட்டு மற்றதை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். ஞாயிறு பூசைக்கு சேலம் போகவில்லை. பின்னால் பங்குச் சாமியாரிடம் காரணம் சொன்னபோது, பாவம் எது, பரிகாரம் எது என்று தனக்கே தெரியவில்லை என்றார்.

திங்கட்கிழமை மாலை தறி மறுபடி ஓடியது. என் ஒரு சாணில் முடிச்சுகள் அச்சில் சிக்கிச் சிக்கி நின்றன. அக்காவின் வீட்டுக்காரர் ஒவ்வொன்றையும் விரலால் தடவி விட்டுவிட்டு நெய்தார். நின்று நின்று ஓடிய அந்தத் தறிச் சத்தமே எனக்குப் போதுமான வசையாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை வியாபாரி வந்ததும் நானே முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமை, கோபம், முறுக்கு, ஒற்றைச் செருப்பு, வேட்டி பறந்தது வரைக்கும். குறைத்துச் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். குறைத்தால் மிச்சப் பழி அந்த வீட்டு மேல் விழும். ஆகவே கொஞ்சம் கூட்டியே சொன்னேன். வியாபாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “ஏனுங்க வாத்தியாரே, பொட்டிய நீங்க தூக்கிட்டு ஓடுனீங்களா, பொட்டி உங்களத் தூக்கிட்டு ஓடுச்சுங்களா?” என்று கேட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, நூலைக் குனிந்து, ரொம்ப நேரம் விரலால் நீவிப் பார்த்தார். முறுக்கிய இடத்தைக் கண்டுபிடிக்க அவரால் முடியவில்லை, என் ஒரு சாணைத் தவிர. இவ்வளவு நறுவிசாப் பிணைக்கிற ஊட்டுக்கு அடுத்த பாவும் குடுக்கலாம், என்றார். பழனியம்மா உள்ளே போய்ப் பள்ளிக்கூடப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். மணி அடித்துப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. எனக்கும்தான்.

அன்று மூன்றாம் பாரத்தில் எரிமலைப் பாடத்தைத் திரும்ப எடுத்தேன். இரண்டு பானைக் கஞ்சி, இரண்டு அடுப்பு. எனக்குப் போன வாரம் விடை தெரியாது, சொல்லிக் கொடுத்தவர் இவர், என்று சொல்லி அக்காவை வகுப்புக்குள் அழைத்தேன். இந்தத் தடவை பெயரையும் கேட்டு வைத்துக்கொண்டு போயிருந்தேன். ஆனால், போதுங்க சார், கஞ்சிக்கார அக்கான்னே சொல்லுங்க, இல்லீன்னா யாருன்னு தெரியாது, என்றுவிட்டார். இளக்கக் கஞ்சி பொங்கி வழிந்து, சரித்து வைத்த பலகையில் மெல்லிசாக நெடுந்தூரம் ஓடியது. கெட்டிக் கஞ்சி முனகிக்கொண்டே இருந்தது. புகை எங்கிருந்து வருகிறது என்று கேட்டுத் தலைமையாசிரியர் உள்ளே வந்து பானைக்குள் குனிந்த நேரம் பார்த்து அது டப்பென்று தெறித்தது. அவருடைய அங்கவஸ்திரத்தில் விழுந்த இடத்தில் செங்குத்தாகக் குவிந்து நின்றது. கெட்டிக் குழம்பு நிலத்தோற்றம், என்று பழனியம்மா சொன்னாள். அவள் கேள்விக்கு அவளே விடை எழுதிக்கொண்டாள்.

அந்தப் பாவு முழுக்க இறங்கிய பிறகு, அக்கா ஒரு நாள் காகிதத்தில் சுற்றி ஒன்றைக் கொடுத்தார். அறுபட்ட இடம் விழுந்த சேலையிலிருந்து குறுக்காக வெட்டி எடுத்த துண்டு, கையகலம், நாலு சாண் நீளம். மூன்று பாகம் வழவழப்பாக ஓடுகிறது. ஓரத்தில் ஒரு சாண் மட்டும் கரடுமுரடாக, குறுக்கே ஒரு வரிசை முடிச்சு, மேடிட்டுக் கிடக்கிறது. விரல் வைத்தால் தட்டும்.

அதன் பிறகு ஆத்தூர், நாமகிரிப்பேட்டை, ஆட்டையாம்பட்டி என்று மாற்றல் ஆன ஊருக்கெல்லாம் அந்தத் துண்டைப் பெட்டியில் முதலில் வைத்தேன், சட்டையை மறந்தாலும். வருஷா வருஷம் எரிமலைப் பாடம் முடிந்ததும் அதைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, தடவிப் பார்க்கச் சொல்வேன். சேலம் ஜில்லாவில் நாம் அறிந்த காலத்தில் எந்த எரிமலையும் வெடித்ததில்லை. வெடிக்காத அந்தக் கரடு விட்டுப்போன மேடு இது மட்டும்தான். கடைசியாகப் பார்த்தபோதும் தேயவில்லை.